ரொட்டிப் பானைக்குள் ஒரு கை

நிகாவு சாவதற்கு வெகுகாலம் முன்பே அவனுடைய இடக்கை செத்துப்போயிருந்தது. அதை அவன் தெற்குச் சரிவில் புதைத்து வைத்திருந்தான். வேலை முடிந்து மற்றவர்கள் பார்லிக் கள்ளுக்கு வரிசை கட்டும் நேரத்தில் அவன் மட்டும் சரிவில் ஏறுவான். பாதி கட்டி நிற்கும் தன் கல்லறையின் ஓரத்தில் குந்துவான். மண்ணைத் தட்டிப் பார்ப்பான். நரி தோண்டவில்லை என்று உறுதியானதும் இறங்கி வந்து வரிசையின் கடைசியில் நின்றுகொள்வான்.

"கை நல்லாருக்கா அண்ணே?" என்று கள் ஊற்றுகிறவன் கேட்பான்.

"இருக்கு. உன்னைப் பத்தித்தான் பேசிச்சு. குவளையில பாதி நுரையாம்."

வரிசை சிரிக்கும். நிகாவுவும் சிரிப்பான். ஆனால் அவனுக்கு அது சிரிப்புச் சமாசாரம் இல்லை. செத்து மேற்கே போகிறவன் முழு உடம்போடு போக வேண்டும். அங்கும் கோரை சூழ்ந்த வயல்கள் உண்டு. அங்கும் உழவும் அறுப்பும் உண்டு. இங்கே ஒற்றைக் கையால் தண்ணீர் ஊற்றிக் காலம் தள்ளிவிடலாம். அங்கே என்ன செய்வது? இடக்கை தாளைக் கொத்தாகப் பிடித்தால்தான் வலக்கை அரிவாளை இழுக்க முடியும். ஒற்றைக் கையனுக்கு முன்னால் கதிர் சும்மா ஆடிக்கொண்டு நிற்கும். அறுக்காதவனுக்கு அங்கே ரொட்டி கிடையாது. அதுவும் ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, என்றைக்கும்.

அந்தக் கை எப்படிப் போனது என்பதைச் சொல்ல, அவன் இந்த மேட்டுக்கு வந்த கதையிலிருந்து தொடங்க வேண்டும்.

தெற்கே, ஆறு வளைந்து திரும்பும் இடத்தில் அவன் ஊர். வெள்ளம் ஏறி வயலெல்லாம் முழுகிக் கிடக்கும் மாதங்களில் ஊர் ஊராக ஆள் பிடித்து மன்னர் வேலைக்குப் படகில் அனுப்புவார்கள். வெள்ளம் வடிந்ததும் பெரும்பாலானவர்கள் விதைக்கத் திரும்பிவிடுவார்கள். நிகாவு திரும்பவில்லை. ஊரில் அவனுக்கு நிலம் இல்லை, அண்ணன்கள் இருந்தார்கள். இங்கே தினமும் ரொட்டி, வெங்காயம், உப்புக்கண்டம் போட்ட மீன். சில நாள் ஆட்டுக்கறி. ஊரில் கறி வாசனை எப்போதும் அடுத்த வீட்டிலிருந்துதான் வந்தது.

மன்னரின் பிரமிடு அப்போது பாதி உயரம் எழும்பியிருந்தது. இழுக்கிறவர்கள் அதை வெறுமனே மலை என்றார்கள். "மலைக்கு இன்னைக்குப் பசி அதிகம்" என்றால் கல் நிறைய ஏற்ற வேண்டிய நாள் என்று பொருள். மலையின் காலடியிலேயே பாறையைச் செப்பு உளியால் பிளந்து எடுத்தார்கள். உளி சீக்கிரம் மழுங்கும். மழுங்கிய உளிகளைச் சூடுபோட்டுத் தட்டிக் கூராக்குவதற்கென்றே ஒரு கொட்டகை நாள் முழுதும் புகைந்தது. வெட்டிய கல்லைச் சறுக்கு வண்டியில் ஏற்றிக் கட்டுவார்கள். சக்கரம் கிடையாது, அடியில் இரண்டு நீளக் கட்டைகள், அவ்வளவுதான். முன்னால் கயிறு பிடித்து ஒரு வரிசை ஆட்கள். சில்லுக் கல்லும் களிமண்ணும் கொட்டி மேவிய ஏற்றப் பாதை மலையை ஒட்டியபடியே மேலே போய், மூலைக்கு மூலை திரும்பியது. அந்தப் பாதையில் தண்ணீர் தெளித்துத் தெளித்து வண்டியை வழுக்க வைத்து இழுக்க வேண்டும். இவையெல்லாம் உள்ளுக்குப் போகிற கல். வெளியே போர்த்துகிற வெள்ளைக் கல் அக்கரையிலிருந்து வெள்ளக் காலத்தில் படகில் வரும்.

நிகாவு சேர்ந்த கும்பலுக்குக் 'காளைகள்' என்று பெயர். மலையின் அடுத்த பக்கத்தில் 'பருந்துகள்'. ஒவ்வொரு கும்பலும் தன் கல்லின் முதுகில் செம்மண் குழம்பால் தன் குறியைத் தீட்டிவிடும். யார் எவ்வளவு ஏற்றினார்கள் என்று கள் குடிக்கும்போது சண்டை வரும்.

கயிற்றில் அவனுக்குப் பக்கத்து ஆள் மெஹு. வடக்கே, ஆறு கிளை கிளையாகப் பிரியும் சதுப்பு நாட்டுக்காரன். அவன் இடது சுண்டுவிரல் சின்ன வயதில் இரண்டு படகுகளுக்கு நடுவே மாட்டிக் கோணிப்போயிருந்தது. கயிற்றைப் பிடித்தால் மற்ற விரலெல்லாம் மடங்கும். அது மட்டும் கொக்கி மாதிரி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்.

"ஏய் தெற்கத்தியான், கயித்தை இழுக்கறியா, தடவிக் கொடுக்கறியா?" என்பான் மெஹு.

"முதல்ல அந்தச் சுண்டுவிரலை மடக்குடா. அங்க யாரைக் கூப்பிடுற?"

"உன் பொண்டாட்டியை."

"எனக்கேது பொண்டாட்டி?"

"அதான் கூப்பிட்டுப் பாக்குறேன். வந்தா உனக்குத் தரேன்."

வந்தாள். ரொட்டிச் சாலையில் வேலை செய்த ரெபித். குழியில் தணல் பரப்பி, மாவு ஊற்றிய பானையை நிறுத்தி, அதன் மேல் சூடான இன்னொரு பானையைக் கவிழ்த்து மூடி ரொட்டி சுடுவார்கள். நாள் முழுக்கப் புகையில் நின்று அவள் கண் எப்போதும் சிவந்திருக்கும். பானையில் ஒட்டிக் கருகிய ரொட்டியை அவனுக்கென்று ஒதுக்கி வைத்தாள். "மத்தவங்க திங்க மாட்டாங்க. நீ கல்லையே திங்கறவன் மாதிரி இருக்க" என்றாள். அதுதான் அவர்கள் கல்யாணப் பேச்சு. பிள்ளைகள் பிறந்தன, தங்கவில்லை.

மலை ஏற ஏற மன்னருக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது. அவர் மேற்கே போவதற்குள் முடிக்க வேண்டும். மேலிருந்து கீழ்வரை எல்லோர் வாயிலும் இதே பேச்சு. ஏற்றப் பாதையின் மூலைகளில் தடித்த மரத்தூண்கள் நட்டிருப்பார்கள். கயிற்றைத் தூணில் சுற்றித்தான் கல்லைத் திருப்ப முடியும். தென்கிழக்கு மூலைத் தூண் கயிறு அறுத்து அறுத்து இடுப்பில் ஒடுங்கிப்போயிருந்தது. கும்பலின் மேஸ்திரி செஷெமு அதை மாற்ற வேண்டும் என்று சொல்லி, புதுத் தூண் படகிலிருந்து இறங்கியும் இருந்தது.

மேலேயிருந்து ஒரு குரல் வந்தது. பருந்துகள் தங்கள் பக்கத்து வரிசையை முடித்துவிட்டார்களாம்.

செஷெமு தூணைப் பார்த்தான். பாதையில் நிற்கும் வெள்ளைக் கல்லைப் பார்த்தான். "இந்த ஒரு கல்லு மட்டும். ஏத்திட்டுத் தூணை மாத்திருவோம்" என்றான். யாரும் மறுக்கவில்லை. காளைகள் பருந்துகளிடம் தோற்றதில்லை.

நிகாவுவும் மெஹுவும் அன்று கயிற்றில் இல்லை. வண்டிக்குப் பின்னால் இடப்பக்கம், இழுப்பு நிற்கும்போதெல்லாம் கட்டைக்கு அடியில் ஆப்பு செருகும் வேலை. தூண் முறிந்தது ரொட்டி உடைகிற சத்தம் மாதிரித்தான் கேட்டது என்று நிகாவு பிறகு சொல்வான். வண்டி பின்னோக்கி வழுக்கி, பக்கவாட்டில் சுழன்று, இரண்டு பேரின் இடக்கையையும் பாதைச் சுவரோடு சேர்த்து அழுத்தியது. முழங்கைக்குக் கீழே, பக்கத்தில் பக்கத்தில், ஒரே கல்லின் அடியில்.

எலும்பு வைத்தியர் கூயி வந்தார். நெம்புகட்டைகளைப் போட்டுக் கல்லை அசைத்தார்கள். கையில் காப்பாற்ற எதுவும் இல்லை என்று அவர் ஒரே பார்வையில் சொல்லிவிட்டார். ஆனால் கையின் கீழ்ப்பாதி, மணிக்கட்டும் விரலும், அப்படியே இருந்தன, நடுவில்தான் நசுங்கியிருந்தது. தீட்டிய கல்கத்தியால் வெட்டி, தீயால் சுட்டு, தேன் தடவி நார்த்துணியால் கட்டினார். மெஹு கத்தினான். நிகாவு மயங்கிவிட்டான். அந்தக் கல்லைக் கழுவி, இருட்டுவதற்குள் மேலே ஏற்றி அதன் இடத்தில் பொருத்திவிட்டார்கள். பருந்துகள் அன்று தோற்றார்கள்.

வெட்டிய கையை எறிகிற வழக்கம் அங்கே இல்லை. அது அந்த ஆளுடையது. அவனோடு போக வேண்டியது. செய்தி கேட்டு ரெபித் ஓடி வரும்போதே, என்ன வேண்டியிருக்கும் என்று தெரிந்து, ரொட்டிப் பானைகள் நான்கைக் கழுதை மேல் போட்டுக்கொண்டு வந்தாள். வைத்தியரின் ஆள் துணியில் சுற்றிய இரண்டு பொட்டலங்களை நீட்டினான். ஒவ்வொன்றையும் ஒரு பானையில் காய்ந்த மணலோடு போட்டு, இன்னொரு பானையை வாயோடு வாய் கவிழ்த்து, ரொட்டிக்கு மூடுகிற மாதிரியே மூடி, சந்தில் களிமண் பூசினாள். ஒன்றை மெஹுவின் தலைமாட்டில் வைத்தாள். மற்றதைப் புருஷன் தலைமாட்டில். இரண்டு பேரும் காய்ச்சலில் கிடந்தார்கள்.

காய்ச்சல் விட்டதும் மெஹு கிளம்பிவிட்டான். காலியாகத் திரும்பும் கல் படகில் அவனை ஏற்றிவிட நிகாவு துறைவரை போனான்.

"ஒத்தக்கையில வலை பின்ன முடியாது. வாத்து மேய்க்கலாம். அதுங்களுக்குக் கையே இல்ல, என்னை மதிக்கும்" என்றான் மெஹு.

"திரும்பி வாடா."

"முளைச்சா வரேன்." பானையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படகில் உட்கார்ந்தான்.

நிகாவுவைக் கும்பல் விடவில்லை. தண்ணீர் ஊற்றும் வேலை கொடுத்தார்கள். வண்டிக்கு முன்னால் பின்வாக்கில் நடந்தபடி பாதையை நனைக்க வேண்டும். குறைந்தால் கட்டை கடிக்கும், கூடினால் சேற்றில் அமுங்கும். இழுக்கிறவர்களின் முகம் எப்போதும் அவனுக்கு நேரெதிரே இருந்தது. பல்லைக் கடிப்பதையும் கழுத்து நரம்பு புடைப்பதையும் பார்த்துக்கொண்டேதான் அவன் முதுமைக்கு நடந்தான். மன்னர் வேலையில் கை இழந்தவன் என்பதால் தெற்குச் சரிவில் கல்லறைக்கு ஓர் இடமும் கொடுத்தார்கள். வேலையில் மிச்சமான சில்லுகளைக் கொண்டு, ஒரு துண்டு கருங்கல், ஒரு துண்டு சிவப்புக்கல், மீதிக்கு வெயிலில் காய்ந்த செங்கல் என்று அதைச் சேர்த்துச் சேர்த்துக் கட்டினான். நடுவில் குழி தோண்டி முதலில் பானையைப் புதைத்தான். கை முன்னால் போய் இடம் பிடித்து வைத்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டான். திருவிழா நாட்களில் ரெபித்தும் அவனும் ஏறிப்போய் அதன் மேல் கொஞ்சம் கள் ஊற்றி, 'நிகாவு, நிகாவு' என்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். உயிரோடிருப்பவனின் பெயரைக் கல்லறையில் கூப்பிடுவது ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. பழகிப்போயிற்று.

மலை முடிந்தது. உச்சியிலிருந்து கீழ்நோக்கி வெள்ளைக் கல்லைச் சீவி மெழுகிக்கொண்டே வந்து, ஏற்றப் பாதையைக் கூடவே இடித்துக்கொண்டே இறங்கினார்கள். தன் கையை எடுத்த கல் எது என்று நிகாவுவுக்கு ஆரம்பத்தில் தெரிந்திருந்தது. பாதை போன பிறகு அடையாளம் தெரியவில்லை. எல்லாம் ஒரே வெள்ளை.

பிறகு மன்னர் இறந்தார். புதைப்பு முடிந்த கையோடு புது மன்னர் தனக்கு வேறு குன்று பார்த்துவிட்டார். வடக்கே, படகில் போகிற தூரம். கொட்டகைகளைப் பிரித்தார்கள். ரொட்டிக் குழிகள் ஒவ்வொன்றாக அணைந்தன. அத்தனை வருஷத்தில் முதல்தடவையாக ஊரின் மேல் புகை இல்லை; வானம் அம்மணமாகத் தெரிந்தது.

செஷெமு இப்போது கிழவன், முன்பல் இல்லை. சரிவுக்கு வந்து நிகாவுவின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"காளைகள் எல்லாம் வடக்க போகுது. நீயும் வா. அங்கயும் தண்ணி ஊத்த ஆள் வேணும்."

"இதை விட்டுட்டா?" நிகாவு தன் கல்லறையைக் காட்டினான்.

"இங்க கிடந்தா யாரு உனக்குத் தண்ணி வார்ப்பா? யாரு பேரு சொல்லுவா? நரிதான். அங்க ஒரு இடம் வாங்கித் தரேன்." கல்லறையின் செங்கல் ஒன்றைத் தடவினான். பிறகு, "அந்தத் தூணை நான் மாத்தியிருக்கணும்" என்றான்.

"எத்தனை தடவை சொல்லுவ?"

"நீ திட்டற வரைக்கும்."

"போய்யா, வேலையப் பாரு."

மறுநாள் காலை நிகாவுவும் ரெபித்தும் பானையைத் தோண்டினார்கள். மேலே வரும்போது களிமண் பூச்சு உதிர்ந்து மேல் பானை நழுவிவிட்டது. மணல் கொட்டியது. துணி மக்கித் திறந்துகொண்டது. காய்ந்து கறுத்து, தோல் எலும்போடு ஒட்டி, நகங்கள்கூட உதிராமல் கை அப்படியே இருந்தது. நிகாவு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"மூடு" என்றாள் ரெபித். "வெயில் படக்கூடாது."

"சுண்டுவிரலைப் பாரு."

நாலு விரல் உள்ளே மடங்கியிருந்தது. சுண்டுவிரல் மட்டும் கொக்கி மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"காயும்போது கோணியிருக்கும்."

"இது மெஹு கை, புள்ள."

அவள் பக்கத்தில் குனிந்து பார்த்தாள். பிறகு மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். "பொட்டலத்தைக் கொடுத்தாங்க, வச்சேன். பிரிச்சுப் பாக்கற மாதிரியா இருந்துது அன்னைக்கு?"

"நான் கேக்கலையே."

"நீயாவது ஒரு தடவை பாத்திருக்கலாம்ல?"

"என் கையை நான் எதுக்குப் பாக்கணும்? எனக்குத் தெரியாதா அது எப்படி இருக்கும்னு?"

ரெபித் சிந்திய மணலை வாரிக்கொண்டே சொன்னாள்: "இத்தனை திருவிழாக் கள்ளும் அவன்தான் குடிச்சிருக்கான்."

அதற்கு நிகாவு சிரித்தான். சிரிப்பு நின்றதும் கேட்டான்: "அப்ப என்னுது அவன்கிட்ட இருக்கு. இல்ல?"

வடக்கே போகிற படகில் எல்லோரோடும் ஏறினான். புதுக் குன்றின் துறையில் ரெபித்தும் மற்றவர்களும் இறங்க, அவன் மட்டும் இறங்கவில்லை. பாதை போட்டு முடிப்பதற்குள் வந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் ஊற்ற வேறு ஆள் போட்டுவிடுவார்கள் என்று செஷெமு கரையிலிருந்து கத்தினான். நிகாவு மடியில் பானையோடு மீன்காரர் படகு ஒன்றில் மாறி, கேட்டுக் கேட்டு, மெஹுவின் ஊரான பெனுவுக்குப் போய்ச் சேர்ந்தான். தண்ணீருக்கு நடுவே மேடு மேடாக வீடுகள். எங்கே பார்த்தாலும் வாத்து.

மெஹு வீட்டு வாசலில் ஒரு பெண் கோரை உரித்துக்கொண்டிருந்தாள். கட்டையாய் நின்ற அவன் முழங்கையைப் பார்த்தாள். கையிலிருந்த கோரையைக் கீழே வைத்தாள்.

"தெற்கத்தியான் அண்ணனா?" என்றாள். அவள் மெஹுவின் மனைவி ஹெனுத். "வருவீங்கன்னு சொல்லிட்டே இருந்தார்."

"அவன் எங்க?"

"வந்த மறு வெள்ளத்துக்கே போயிட்டார், அண்ணே. காய்ச்சல்."

நிகாவு உட்கார்ந்தான். அவள் தண்ணீர் கொடுத்தாள். மெஹுவுக்கு வீடு வந்த அன்றைக்கே தெரிந்துவிட்டதாம். பானையைத் திறந்து பார்த்து, விழுந்து விழுந்து சிரித்தானாம். 'அவன் கோணல் விரலைக் கட்டிக்கிட்டு அழுவான், நான் நேர் விரலை வச்சுக்கிட்டு என்ன பண்ண? வருவான், மாத்திக்கலாம்' என்றானாம். போகிறவர்கள் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டானாம். யாரும் அந்தப் பக்கம் போகவில்லை போலிருக்கிறது. சாகும்போதும் பிறத்தியார் கையோடு தன்னைப் புதைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் செத்தானாம். ஒற்றைக் கையோடுதான் போனான்.

நிகாவு பானையை முன்னால் தள்ளினான். "இதோ, அவனோடது. கொண்டு வந்துட்டேன். என்னுது எங்க இருக்கு, தங்கச்சி?"

ஹெனுத் பானையின் மேல் கை வைத்தாள். பிறகு சொன்னாள்.

அவளுக்கு ஒரே மகள், நெபெத். போன அறுவடைக்குத்தான் கல்யாணம் முடித்தாள். வெள்ளம் ஏறும்போது துணி துவைக்கக் கால்வாய்க்குப் போனவளை முதலை பிடித்தது. ஆட்கள் ஈட்டியோடு ஓடி அவளைப் பறித்துவிட்டார்கள். இடக்கையை மட்டும் பறிக்க முடியவில்லை. இரண்டு நாள் உயிர் இருந்தது. 'அம்மா, நான் எப்படிப் போவேன்?' என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"உத்திரத்துல உங்க பானை இருந்துது. எத்தனையோ வருஷம் ஆச்சு, நீங்க வரல. இருக்கீங்களோ இல்லையோன்னு..." அவள் முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை. "அவ பக்கத்துல வச்சுக் கட்டிட்டேன். முரட்டுக் கை. பொண்ணு கை மாதிரி இல்லதான். வெறுங்கட்டையோட அனுப்ப மனசு வரல, அண்ணே."

வாத்துகள் கத்திக்கொண்டிருந்தன.

"உங்க பொருள்" என்றாள் ஹெனுத். "கேட்டா இல்லைன்னு சொல்ல எனக்கு வாய் இல்ல. ஆனா நான் தோண்ட மாட்டேன். மண்வெட்டி அங்க சாத்தி வச்சிருக்கு. இடத்தைக் காட்டறேன்."

ஊருக்குப் பின்னால் வெள்ளம் ஏறாத மணல் மேட்டில் கல்லறைகள். மெஹுவினுடையது புல் முளைத்துச் சமமாகிவிட்டது. அதன் பக்கத்தில் புதுசாக ஒன்று. மண் இன்னும் நிறம் மாறவில்லை. தலைமாட்டில் ஒரு குவளையும் காய்ந்த வெங்காயமும். ஹெனுத் தள்ளியே நின்றுகொண்டாள்.

நிகாவு மண்வெட்டியோடு நின்றான். ஒற்றைக் கையால் தோண்டினாலும் மணல்தானே, நேரமாகாது. அங்கே அடியில் தன் கை இருக்கிறது. அதற்கு என்னவெல்லாம் தெரியும் என்று நினைத்துப் பார்த்தான். கயிறு தெரியும், ஆப்புத் தெரியும், ரெபித்தின் கருகின ரொட்டி தெரியும். அறுப்பு, சின்ன வயதில் ஊரில் அண்ணன்கள் வயலில் அறுத்தது. அதை எடுத்துவிட்டால் அந்தப் பெண் அந்த வயலில் எதைக் கொண்டு கதிரைப் பிடிப்பாள்? எடுக்காவிட்டால், தான் எதைக் கொண்டு பிடிப்பது?

மண்வெட்டியைத் தூக்கி, திரும்பி, மெஹுவின் கல்லறையில் வெட்டினான்.

ஹெனுத் ஓடி வந்து கையால் மண்ணை வாரினாள். குழி போதுமான ஆழம் ஆனதும் பானையை இறக்கினார்கள். மூடுவதற்கு முன் நிகாவு குனிந்து, "ஏய் வடக்கத்தியான், விரலை மடக்கு" என்றான்.

படகேறும்போது ஹெனுத் ஒரு வாத்தைக் கட்டிக் கொடுத்தாள். "அவளுக்குத் தண்ணி வார்க்கறப்ப உங்க பேரையும் சொல்லுவேன், அண்ணே. உங்க கையால அறுக்கறவ உங்களுக்கு ஒரு கட்டு ஒதுக்காம இருக்க மாட்டா." அவன் தலையசைத்தான். அவனுக்கு அதில் நம்பிக்கை இல்லை. மேற்கு பெரிய நாடு. அவள் அவனைப் பார்த்ததுகூட இல்லை.

புதுக் குன்றில் பாதை போட்டு முடியும் தறுவாயில் இருந்தது.

"கை கிடைச்சுதா?" என்றான் செஷெமு.

"கிடைச்சுது. வேலையில இருக்கு."

ரெபித்திடம் மட்டும் முழுக்கச் சொன்னான். அவள் மாவைப் பிசைந்துகொண்டே கேட்டாள்.

"பொண்ணுக்கா?"

"ஆமா."

"வயசு?"

"கல்யாணம் ஆகி ஒரு அறுவடை."

அன்று ரொட்டி நன்றாக உப்பவில்லை.

அதன் பிறகும் சில வெள்ளங்கள் வந்து போயின. நிகாவு புதுப் பாதையில் பின்வாக்கில் நடந்து தண்ணீர் ஊற்றினான். மாலையில் போக இடம் இல்லாததால் வரிசையில் முதல் ஆளாக நின்றான். கள் ஊற்றுகிறவன் இப்போது கையைப் பற்றிக் கேட்பதில்லை. பிறகு இருமல் வந்தது. கல் தூசி தின்ற நெஞ்சுக்கெல்லாம் கடைசியில் வருகிற இருமல்தான். வைத்தியர் கூயி எப்போதோ போய்ச் சேர்ந்திருந்தார். வந்த புது வைத்தியர் தேன் கொடுத்துவிட்டுப் போனார். செஷெமு சொன்னபடி குன்றின் ஓரத்தில் ஓர் இடம் வாங்கிக் கொடுத்தான். குழி மட்டும் தோண்டியிருந்தது. சில்லுக் கல் சேர்க்க நிகாவுவுக்கு நேரம் இல்லை.

ஒரு நாள் ரெபித் ஆற்றிலிருந்து ஒரு கூடை கறுப்பு வண்டல் கொண்டு வந்தாள். ரொட்டி மாவு மாதிரி அதைப் பிசைந்தாள். பாயில் கிடந்தவனின் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் வலக்கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்ன பண்ற?"

"கை பண்றேன். வெறுங்கட்டையோட போகப் போறியா?" என்றாள். "பேசாம படு. அசையாத."

அவள் வலக்கையைத் தொட்டுப் பார்ப்பாள், மண்ணைக் கிள்ளுவாள், மறுபடி தொட்டுப் பார்ப்பாள். மணிக்கட்டு வந்தது. உள்ளங்கை வந்தது. விரல் ஒவ்வொன்றாக, கணுக்களோடு, காய்ப்பு ஏறிய இடங்களோடு வந்தது. அத்தனை வருஷம் மாவு தொட்ட கை அவளுடையது. புகையில் வெந்த கண்ணைச் சுருக்கிக்கொண்டு, குச்சியால் நகங்களைக் கீறினாள். கடைசியாகக் கட்டைவிரலை உருட்டி ஒட்டினாள்.

ஒட்டியதும் நிகாவுவுக்குத் தெரிந்துவிட்டது. மடியில் இருந்த கையை அப்படியே பார்த்துச் செய்திருந்தாள். விரல்கள் போகிற பக்கமும் அதேதான், கட்டைவிரல் நிற்கிற பக்கமும் அதேதான். அது வலக்கை. அதை இடப்பக்கத்து முழங்கைக் கட்டையில் வைத்தால் கட்டைவிரல் வெளிப்பக்கம் நிற்கும்.

மண் இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், பிய்த்து மாற்றி ஒட்டிவிடலாம். ஆனால் பிய்த்தால் நகமெல்லாம் போய்விடும். முதலிலிருந்து தொடங்க வேண்டும். அவளுக்குப் பார்வை மங்கிவிட்டது. ரொட்டிச் சாலையிலிருந்து ஆள் விட்டுக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். அவள் கையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினாள். ரொம்ப நாளைக்கப்புறம் அவள் முகத்தில் ஒரு திருப்தி.

"எப்படி இருக்கு?"

மேற்கு வயலில் இரண்டு வலக்கையோடு கதிருக்கு முன்னால் நிற்கிற தன்னை நிகாவு ஒரு கணம் பார்த்தான். இருமல் வந்தது. அது அடங்கும்வரை அவள் காத்திருந்தாள்.

"நகம் நல்லா வந்திருக்கு" என்றான்.